சி.எல். 30 வாங்குவதா, சி.எல். 36 வாங்குவதா?

கேள்வி: ஐயா, நான் திருமங்கலத்தை அடுத்த ஒரு கிராமத்திலிருந்து தினமும் பஸ்ஸில் மதுரைக்கு வந்து பொறியியல் படிக்கும் மாணவன். சேர்த்து வைத்த பணத்தில் கேம் ஆடுவதற்கென்று ஒரு கணினி பூட்டப் போகிறேன். ரைசன் 5 7600 பிராசசர், பி650 மதர்போர்டு, 8 ஜி.பி. கிராபிக்ஸ் கார்டு, 144 ஹெர்ட்ஸ் மானிட்டர் ஆகியவற்றை முடிவு செய்துவிட்டேன். ரேமில், அதாவது நினைவகத்தில்தான் குழப்பம். டி.டி.ஆர்.5 5200 சி.எல். 40-இல் 16 ஜி.பி. ஸ்டிக் ஒன்றை இப்போது போட்டுவிட்டு, அடுத்த ஆண்டு இன்னொன்று போடலாம் என்கிறார் அப்பா. 6000-இல் 16 ஜி.பி. ஸ்டிக் இரண்டு கொண்ட ஜோடியை வாங்கு என்கிறான் நண்பன். அதிலும் 36-36-36-96 என்று ஒன்றும், 30-38-38-96 என்று ஒன்றும் இருக்கின்றன. பின்னது 2,500 ரூபாய் அதிகம். கடைக்காரரோ 7200 சி.எல். 34 தான் வேகம் என்கிறார். இதற்கிடையே என் பழைய கணினியில் இருக்கும் டி.டி.ஆர்.4 3200 ரேமுக்கு சி.எல். 16 தான். அப்படியானால் புதியது பழையதைவிட மந்தமா? பழைய ரேமைப் புதிய போர்டில் போட முடியுமா?

பதில்: அன்புள்ள தம்பிக்கு, நீங்கள் கடைசியாகக் கேட்ட சந்தேகத்திலிருந்தே தொடங்குகிறேன். சி.எல். என்பது என்ன அளவு என்பது பிடிபட்டுவிட்டால், மற்ற கேள்விகளில் பாதி தாமாகவே விலகிவிடும்.

சி.எல். என்பது நேரம் அன்று. கேட்ட தரவைத் தர ரேம் எடுத்துக்கொள்ளும் கடிகாரத் துடிப்புகளின் எண்ணிக்கை. ஒருவர் கீழவாசலிலிருந்து மீனாட்சியம்மன் கோயிலுக்கு இத்தனை அடி எடுத்து வைத்து நடந்தார் என்று மட்டும் சொல்லி, அவர் நிமிடத்துக்கு எத்தனை அடி வைப்பவர் என்பதைச் சொல்லாமல் விட்டால், அவர் எப்போது போய்ச் சேர்ந்தார் என்று நம்மால் கணக்கிட முடியாது. ரேமில் அந்த அடி என்பது கடிகாரத் துடிப்பு. டி.டி.ஆர். வகை ரேம் ஒரு துடிப்பில் இரண்டு முறை தரவைப் பரிமாறிக்கொள்வதால், 3200 என்று அட்டைப்பெட்டியில் அச்சிடப்பட்டிருக்கும் ரேமின் உண்மையான கடிகாரம் 1600 மெகாஹெர்ட்ஸ்தான். 6000 என்று அச்சிடப்பட்டிருப்பதன் கடிகாரம் 3000 மெகாஹெர்ட்ஸ். கணக்கு மிக எளிது. சி.எல். எண்ணை 2000-ஆல் பெருக்கி, வேக எண்ணால் வகுத்தால் கிடைப்பது நானோ வினாடி, அதாவது வினாடியை நூறு கோடியாகப் பகுத்ததில் ஒரு பங்கு. உங்கள் பழைய 3200 சி.எல். 16-க்கு இப்படிக் கணக்கிட்டால் 10 நானோ வினாடி வருகிறது. 6000 சி.எல். 30-க்கும் அதே 10. 6000 சி.எல். 36-க்கு 12. அப்பா சொல்லும் 5200 சி.எல். 40-க்கு 15.4. ஆகவே இந்த ஒரு தாமதத்தைப் பொறுத்தவரை நல்ல டி.டி.ஆர்.5 உங்கள் பழைய ரேமுக்குச் சமமாகவே நிற்கிறது. அள்ளித் தரும் தரவின் அளவில் அதைவிட ஏறத்தாழ இரு மடங்கு முன்னே இருக்கிறது.

(இந்த இரட்டைக் கணக்கு தெரியாமல் ஏற்படும் மனக்கசப்பு கொஞ்சமன்று. 6000 என்று பில் போட்டு வாங்கிய ரேமை சி.பி.யு.-இசட் மென்பொருள் 3000 என்று காட்டியதால், கடைக்காரர் ஏமாற்றிவிட்டார் என்று கோபமாகக் கணினியைத் தூக்கிக்கொண்டு என் பட்டறைக்கு வந்தவர்கள் உண்டு. அந்த மென்பொருள் காட்டுவது துடிப்பை; அட்டைப்பெட்டி சொல்வது பரிமாற்றத்தை. இரண்டும் சரியே.)

அடுத்து, சி.எல். எண்ணுக்குப் பின்னால் வரும் மூன்று எண்களைப் பார்க்க வேண்டும், ஏனென்றால் நீங்கள் எழுதியிருக்கும் இரண்டு ஜோடிகளுக்கும் இடையிலான உண்மையான வேறுபாடு அங்கேதான் ஒளிந்திருக்கிறது. பத்திரப்பதிவு அலுவலகத்தில் பழைய பத்திரத்துக்கு நகல் கேட்டுப் போயிருக்கிறீர்களா? எழுத்தர் முதலில் அலமாரியிலிருந்து அந்த ஆண்டின் தடித்த பதிவேட்டை மேசைக்குக் கொண்டுவர வேண்டும். பிறகு அதில் உரிய பக்கத்தைத் திருப்பிப் படிக்க வேண்டும். வேறோர் ஆண்டின் பதிவேடு தேவைப்பட்டால், மேசையில் இருப்பதை முதலில் அலமாரியில் வைத்துவிட்டு வர வேண்டும். ரேமின் உள்ளேயும் தரவு வரிசை வரிசையாக அடுக்கப்பட்டிருக்கிறது. மேசையில் ஏற்கெனவே திறந்திருக்கும் வரிசையிலிருந்து படித்துத் தர ஆகும் துடிப்புகள்தாம் முதல் எண்ணாகிய சி.எல். புதிய வரிசையைத் திறக்க ஆகும் துடிப்புகள் இரண்டாவது எண், அதற்கு டி.ஆர்.சி.டி. என்று பெயர். திறந்திருப்பதை மூடி வைக்க ஆகும் துடிப்புகள் மூன்றாவதாகிய டி.ஆர்.பி. நான்காவதாகிய டி.ஆர்.ஏ.எஸ்., திறந்த வரிசையைக் குறைந்தது எத்தனை துடிப்புகள் திறந்தே வைத்திருக்க வேண்டும் என்பதைச் சொல்கிறது.

இப்போது உங்கள் இரண்டு ஜோடிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். கேட்ட தரவு திறந்த வரிசையிலேயே இருந்தால், ஒன்று 12 நானோ வினாடியில் தரும், மற்றது 10-இல் தரும். ஆனால் விளையாட்டுகள் நினைவகத்தை அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தொடுபவை. ஒரு வரிசையை மூடி, இன்னொன்றைத் திறந்து, படித்துத் தர வேண்டிய நிலை அடிக்கடி வரும். அப்போது மூன்று எண்களையும் கூட்ட வேண்டும். 36-36-36 ஜோடிக்கு 108 துடிப்புகள், 30-38-38 ஜோடிக்கு 106 துடிப்புகள். நேரத்தில் சொன்னால் 36 நானோ வினாடி ஒன்றுக்கு, 35.3 மற்றதற்கு. அட்டைப்பெட்டியில் கொட்டை எழுத்தில் 30 என்று போட்டிருப்பதைப் பார்த்து ஆறில் ஒரு பங்கு வேகம் கூடுதல் என்று நினைக்கத் தோன்றும். கடினமான வேளையில் அந்த இடைவெளி ஒரு நானோ வினாடிகூட இல்லை.

அது மட்டுமன்று. பிராசசருக்குள் கணக்குப் போடும் பகுதியாகிய கோர் ஒரு தரவைக் கேட்ட கணத்திலிருந்து அது கைக்கு வரும் வரையிலான பயணத்தில் ரேமின் பங்கு ஒரு பகுதிதான். கோருக்கும், ரேமோடு பேசும் பகுதியாகிய நினைவகக் கட்டுப்பாட்டுக்கும் இடையே தரவு கடக்க வேண்டிய உள்வழி ஒன்று இருக்கிறது. ரைசன் 7000 வரிசையில் இந்த முழுப் பயணமும் பொதுவாக 60 முதல் 80 நானோ வினாடிக்குள் அமைகிறது. இந்த மொத்தத்தில் இரண்டு நானோ வினாடியைக் குறைப்பதால் வரும் பயன் விளையாட்டில் ஓரிரண்டு சதவீதமாகக் கரைந்துவிடும். இடைவெளி 500 ரூபாயாக இருந்தால் சி.எல். 30-ஐ வாங்குங்கள் என்று நானே சொல்வேன், ஏனென்றால் அந்த ஜோடிகளில் பெரும்பாலும் நல்ல தரமான சில்லுகளைப் போடுகிறார்கள். 2,500 ரூபாய் என்றால் வேண்டாம். அந்தப் பணத்தை எங்கே வைக்க வேண்டும் என்பதைக் கீழே சொல்கிறேன்.

கடைக்காரர் சொல்லும் 7200-ஐப் பற்றி இனிச் சொல்ல வேண்டும். எண்ணை மட்டும் பார்த்தால் அவர் சொல்வது சரிதான், 7200 சி.எல். 34 என்பது 9.4 நானோ வினாடி, உங்கள் பட்டியலிலேயே மிகக் குறைவு. ஆனால் அந்த ரேம் போகப்போவது உங்கள் பிராசசரின் கைக்கு. ரைசன் 7000 வரிசையில் நினைவகக் கட்டுப்பாடு 6000 வரை, சில பிராசசர்களில் 6400 வரை, ரேமின் கடிகாரத்தோடு சமமாக ஓடும். அதற்கு மேல் போனால் அதனால் ஈடுகொடுக்க முடியாமல், பாதி வேகத்துக்கு இறங்கிக்கொள்ளும். 6000 ரேமோடு 3000 மெகாஹெர்ட்ஸில் ஓடிய அதே கட்டுப்பாடு, 7200 ரேமோடு 1800-இல் ஓடும். ரேமில் மிச்சப்படுத்திய நேரத்தைக் கட்டுப்பாட்டில் இழந்துவிடுகிறோம். இந்த வரிசைக்கு 6000-ஏ பொருத்தமான இடம் என்று ஏ.எம்.டி. நிறுவனமே சொன்னதற்குக் காரணம் இதுதான்.

இன்னொரு தடையும் இருக்கிறது; இதைக் கடைகளில் யாரும் சொல்லிக் கேட்டதில்லை. 7600 பிராசசரில் கோர்கள் எல்லாம் ஒரே சில்லில் இருக்கின்றன. அந்தச் சில்லுக்கும் நினைவகத்துக்கும் இடையிலான உள்வழி 2000 மெகாஹெர்ட்ஸில் ஓடும்போது, ஒரு துடிப்புக்கு 32 பைட் வீதம் வினாடிக்கு 64 ஜி.பி. அளவே படித்துக்கொள்ள முடியும். இரண்டு ஸ்டிக் போட்ட 6000 ரேம் ஏட்டளவில் 96 ஜி.பி. தரவல்லது, 7200 என்றால் 115 ஜி.பி. வைகையில் எவ்வளவு தண்ணீர் வந்தாலும் மதகின் அகலம் அளவுக்குத்தானே வாய்க்காலில் பாயும்? இன்டெல் பிராசசர்களில் கதை வேறு. அங்கே 7200-க்கு ஓரளவு பொருள் உண்டு. கடைக்காரர் அந்தப் பழக்கத்தில் சொல்லியிருக்கலாம்.

இதே மதகுக் கணக்கு, அப்பா சொல்லும் யோசனையில் இருக்கும் குறையையும் காட்டிவிடுகிறது. 5200 ஸ்டிக் ஒன்று மட்டும் போட்டால் வினாடிக்கு 41.6 ஜி.பி. தான் கிடைக்கும், 64 ஜி.பி. பாயக்கூடிய மதகுக்கு முக்கால் பங்குகூட நீர் வரவில்லை. இரண்டு ஸ்டிக் போட்டால் 83.2 ஆகிவிடும். 30-ஆ 36-ஆ என்று நீங்கள் நாள்கணக்கில் யோசிக்கும் வேறுபாட்டைப் போல் பல மடங்கு வேறுபாடு இந்த ஒற்றை ஸ்டிக், இரட்டை ஸ்டிக் விஷயத்தில் இருக்கிறது. வினாடிக்குத் திரையில் வரும் படங்களின், அதாவது ஃபிரேம்களின், சராசரி எண்ணிக்கையில் அது ஓரளவே தெரியும். எதிரி திடீரென்று மூலையிலிருந்து வரும்போது திரை ஒரு கணம் திக்குகிறதே, அங்கேதான் அது முழுமையாகத் தெரியும்.

அடுத்த ஆண்டு இன்னொன்று வாங்கிச் சேர்ப்பதிலும் சிக்கல் இருக்கிறது. ஒரே பெயரில், ஒரே எண்ணில் விற்கப்படும் ரேமுக்குள் நிறுவனங்கள் காலத்துக்கு ஏற்ப வேறு வேறு சில்லுகளைப் போடுவது வழக்கம். இன்று வாங்கியதும் அடுத்த ஆண்டு வாங்குவதும் வெளியே இரட்டையர் போல இருந்து, உள்ளே ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாமல் போகலாம். ஜோடியாக விற்கப்படுபவை ஜோடியாகவே சோதிக்கப்பட்டவை. அதேபோல, பிறகு நான்கு ஸ்டிக் ஆக்கிக்கொள்ளலாம் என்ற எண்ணமும் வேண்டாம். இந்தப் பிராசசருக்கு ஏ.எம்.டி. தரும் அதிகாரப்பூர்வ வேகம் இரண்டு ஸ்டிக்குக்கு 5200, நான்கு ஸ்டிக்குக்கு வெறும் 3600.

அப்பாவின் கவலை பணம் பற்றியது. அதைத் தவறென்று சொல்ல முடியாது. ஏ.ஐ. தரவு மையங்களுக்காகச் சில்லுகள் மொத்தமாக அள்ளப்படுவதால் 2025-இன் இறுதியிலிருந்து ரேம் விலை கடுமையாக ஏறிவிட்டது. 32 ஜி.பி. ஜோடி கைக்கு எட்டாது போனால், 8 ஜி.பி. ஸ்டிக் இரண்டு கொண்ட 6000 ஜோடி ஒன்றை வாங்குங்கள். டி.டி.ஆர்.5-இல் 8 ஜி.பி. ஸ்டிக்குகளின் உள்ளமைப்பில் பதிவேடு விரித்து வைக்கும் மேசைகள் பாதிதான் இருக்கும் என்பதால் அவை 16 ஜி.பி. ஸ்டிக்கைவிடச் சற்றுப் பின்தங்கும். பிற்காலத்தில் 32 தேவைப்படும்போது இரண்டையும் விற்றுவிட்டுத்தான் வாங்க வேண்டியிருக்கும். இவ்வளவும் தெரிந்தே சொல்கிறேன், ஒற்றை 16-ஐவிட இரட்டை 8 விளையாட்டுக்கு மேல்.

ஆனால் இவை எல்லாவற்றையும்விட முக்கியமான ஒன்று, வாங்கிய பிறகு நடப்பது. 6000 போன்ற வேகமான டி.டி.ஆர்.5 ரேம் எதை வாங்கினாலும், பெட்டியிலிருந்து எடுத்துப் பூட்டியவுடன் அது தன் முழு வேகத்தில் ஓடாது. பெரும்பாலும் 4800-இல்தான் ஓடும். மதர்போர்டின் அடிப்படை மென்பொருளாகிய பயாஸுக்குள் சென்று எக்ஸ்போ என்ற அமைப்பை இயக்கினால்தான் 6000 கிடைக்கும். இன்டெல்லுக்கென்று வந்த ரேமில் இதற்கு எக்ஸ்.எம்.பி. என்று பெயர். உங்களுடையது ஏ.எம்.டி. என்பதால் எக்ஸ்போ என்று குறிக்கப்பட்ட ஜோடியையே கேட்டு வாங்குங்கள். கடந்த ஆண்டு ஒருவர் தம் கணினி நண்பருடையதைவிட மந்தமாக இருக்கிறது என்று கொண்டுவந்தார். இரண்டும் ஒரே பாகங்கள். திறந்து பார்த்தால், ஏதோ ஒரு கடையில் பூட்டிக் கொடுத்தவர் இரண்டு ஸ்டிக்கையும் பிராசசருக்கு அருகில் உள்ள முதல் இரண்டு இடங்களில் அடுத்தடுத்துப் பொருத்தியிருக்கிறார், எக்ஸ்போவையும் தொடவில்லை. சி.எல். 30-க்குக் காசு கொடுத்துவிட்டு, அவர் பத்து மாதமாக ஒற்றை ஸ்டிக் வேகத்தில் 4800-இல் ஆடிக்கொண்டிருந்தார். நான்கு இடங்கள் உள்ள போர்டில், பிராசசர் பக்கமிருந்து எண்ணினால் இரண்டாவதும் நான்காவதும்தான் பொருத்த வேண்டிய இடங்கள்.

எக்ஸ்போவை இயக்குவதற்கு முன்பே, மதர்போர்டு நிறுவனத்தின் தளத்திலிருந்து புதிய பயாஸை ஏற்றிவிடுங்கள். 2023-இல் இந்த வரிசைப் பிராசசர்கள் சில அதிக மின்னழுத்தத்தால் கருகிப் போனதை அடுத்து, பிராசசரின் நினைவகக் கட்டுப்பாட்டுப் பகுதிக்குப் போகும் எஸ்.ஓ.சி. மின்னழுத்தம் 1.3 வோல்ட்டைத் தாண்டாதபடி ஏ.எம்.டி. வரம்பு வைத்தது, பழைய பயாஸில் அந்த வரம்பு இருக்காது. பயாஸ் ஏறிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் போர்டே போய்விடலாம் என்பதால் யு.பி.எஸ். இல்லாமல் இந்த வேலையில் இறங்க வேண்டாம். நான் மேலே சொன்ன 2,500 ரூபாய் அந்த யு.பி.எஸ்.ஸுக்கான செலவில் ஒரு பங்காகட்டும். எக்ஸ்போவை இயக்குவது கணக்குப்படி ஓவர்கிளாக், அதாவது அதிகாரப்பூர்வ வேகத்துக்கு மேல் ஓட்டுவது ஆகும், அதனால் வரும் கேட்டுக்கு உத்தரவாதம் இல்லை என்று ஏ.எம்.டி. தன் குறிப்பில் சொல்கிறது; உலகம் முழுவதும் பெரும்பாலோர் அதை அறிந்தே இயக்குகிறார்கள் என்றாலும், நீங்களும் அறிந்தே இயக்க வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன்.

முதல் முறை பவர் பட்டனை அழுத்தியதும் திரை இருண்டே இருக்கும். சில நிமிடங்கள்கூட ஆகலாம். போர்டு அப்போது ரேமோடு பேசிப் பழகிக்கொண்டிருக்கிறது, பயந்துபோய் அணைத்துவிடாதீர்கள். பயாஸ் மாற்றிய பிறகும், எக்ஸ்போ இயக்கிய பிறகும் இதே காத்திருப்பு மீண்டும் வரும்.

பிறகு சோதனை. மெம்டெஸ்ட்86 என்ற கருவியைப் பென் டிரைவில் ஏற்றி, இரவு முழுவதும் ஓட விடுங்கள். ஒரு பிழைகூட வரக்கூடாது. ஒன்றிரண்டுதானே என்று விட்டால், நீலத்திரை வருவதோடு நிற்காது. கோப்புகளும் சத்தமில்லாமல் கெட்டுப்போகும். பிழை வந்தால் 5800-க்கோ 5600-க்கோ இறக்கிப் பாருங்கள். அங்கும் வந்தால் ரேமை மாற்றித் தரச் சொல்லுங்கள். இதோடு நம் ஊர் வெயிலுக்கென்று ஒரு சோதனையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். டி.டி.ஆர்.5 ஸ்டிக்கில் மின்னழுத்தத்தைச் சீர்செய்யும் பகுதி ஸ்டிக்கின் மேலேயே இருப்பதால், அது பழைய வகையைவிடத் தானும் கொஞ்சம் சூடாகும். அதன் மேல் கிராபிக்ஸ் கார்டின் அனலும் வந்து படும். மார்கழி இரவில் பிழையின்றி ஓடிய ரேம், அக்னி நட்சத்திரத்தில் ஓட்டு வீட்டிலோ மொட்டை மாடி அறையிலோ பிற்பகல் மூன்று மணிக்குத் தடுமாறுவதை ஒவ்வோர் ஆண்டும் பார்க்கிறேன். சித்திரை மாதத்தில் ஒரு பிற்பகல், கனமான விளையாட்டு ஒன்றை இரண்டு மணி நேரம் ஓடவிட்டு, ஹெச்.டபிள்யூ.இன்ஃபோ மென்பொருளில் ரேமின் சூட்டைக் கவனியுங்கள். 60 டிகிரியை ஒட்டி நின்றால் கேபினெட்டின் முன்பக்கம் இன்னொரு ஃபேன் போடுங்கள். உங்கள் பக்கத்துக் கரிசல் மண் தூசி வடிகட்டியை மாதத்துக்குள் அடைத்துவிடும். அதையும் தட்டிக்கொண்டே இருக்க வேண்டும்.

இவ்வளவு செய்தும், எந்த விளையாட்டில் ரேமின் வேகம் தெரியும், எதில் தெரியாது என்பதையும் அறிந்துகொள்ளுங்கள். ஆடும்போது கிராபிக்ஸ் கார்டின் பயன்பாடு 97, 98 சதவீதத்தில் நின்றால் வேகத்தைத் தடுப்பது கார்டுதான். அங்கே எந்த ரேமைப் போட்டாலும் ஒன்றே. வேலரன்ட், கவுன்டர் ஸ்ட்ரைக் 2 போன்றவற்றில், அதுவும் தரத்தைக் குறைத்து வைத்து ஆடும்போது, கார்டு ஓய்வெடுக்கும். பிராசசரும் ரேமும்தான் ஓடும். உங்கள் 7600-இல், பிராசசருக்குள்ளேயே இருக்கும் சிறு நினைவகமாகிய எல்3 கேஷ் 32 எம்.பி. மட்டுமே என்பதால் அது ரேமை அடிக்கடி நாடும். 96 எம்.பி. கேஷ் உள்ள 7800எக்ஸ்3டி வாங்கியவர் ஒருவர் இதே கேள்வியைக் கேட்டிருந்தால், 36-36-36 ஜோடியே போதும் என்று இரண்டே வரியில் பதில் எழுதி முடித்திருப்பேன்.

பழைய டி.டி.ஆர்.4 ரேமைப் புதிய போர்டில் பொருத்த முடியாது. ஸ்டிக்கின் அடியில் உள்ள வெட்டு வேறோர் இடத்தில் இருக்கும், அழுத்திப் பார்க்கவும் கூடாது. அது பழைய கணினியிலேயே இருக்கட்டும். அதை வீட்டில் வேறு யாருக்காவது கொடுப்பதாக இருந்தால், கொடுப்பதற்கு முன் டாஸ்க் மேனேஜரில் நினைவகத்தின் வேகம் 3200 என்று காட்டுகிறதா என்று பாருங்கள். 2133 என்றோ 2400 என்றோ காட்டினால், அதிலும் இத்தனை ஆண்டுகளாக எக்ஸ்.எம்.பி. இயக்கப்படாமலே இருந்திருக்கிறது.